பச்சைக் காப்பிக் கொட்டையும் கவிழ்ந்த அமைச்சரவையும்

1854இல் ரஷ்யாவுக்குப் பாடம் புகட்டக் கிரிமியாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் படைக்குத் தளபதி ராக்லன் பிரபு. 1815இல் வாட்டர்லூவில் வலக்கையைப் பறிகொடுத்தவர். அங்கே பிரெஞ்சுக்காரன் எதிரி, இங்கே கூட்டாளி. பிரபுவுக்குப் பழக்கதோஷம், பிரெஞ்சுத் தளபதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ‘எதிரி’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘பிரெஞ்சுக்காரர்’ என்று திருவாய் மலர்வாராம். அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளில் பலர் காசு கொடுத்துப் பதவி வாங்கியவர்கள். லஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமே விலை நிர்ணயித்த வியாபாரம் அது.

நவம்பர் 14 அன்று அடித்த புயலில், குளிர் உடுப்புகளைச் சுமந்துவந்த ‘பிரின்ஸ்’ கப்பல் பாலக்லாவா அருகே மூழ்கியது. அது இயற்கையின் குற்றம். மற்றதெல்லாம் சப்ளை இலாகாவின் கைங்கரியம். சிப்பாய்க்குக் காப்பி கொடுத்தார்கள், வறுக்காத பச்சைக் கொட்டையாக! வறுக்க விறகில்லை, அரைக்க இயந்திரமில்லை. தகர மூடியில் வாட்டி, பீரங்கிக் குண்டால் இடித்துக் குடித்தான் அவன். ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிக் கிடந்தவர்களுக்கான எலுமிச்சைச் சாறு டிசம்பரிலேயே வந்து இறங்கியது, விநியோகமோ பிப்ரவரியில்தான். கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையே, இலாகா என்ன செய்யும்?

அதே டிசம்பரில் லண்டனில் கூடிய நாடாளுமன்றம் படைக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தைக் கரைத்துக் குடித்தால் ஸ்கர்வி தீருமா? ‘டைம்ஸ்’ நிருபர் ரஸ்ஸல் நாற்றத்தையெல்லாம் அச்சில் ஏற்ற, ஊரே கொதித்தது. 1855 ஜனவரியில் ரோபக் என்ற உறுப்பினர் விசாரணைக் குழு கேட்டு எழுந்தார். உடம்பு சரியில்லை, சில நிமிடங்களிலேயே பேச்சை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். நீளமாகப் பேசியவர்களால் ஆகாததை அந்தக் குட்டிப் பேச்சு சாதித்தது. ஆதரவு 305, எதிர்ப்பு 148. பிரதமர் அபர்டீன் வீட்டுக்குப் போனார்.

வந்தவர் யார்? கவிழ்ந்த அமைச்சரவையில் உள்துறையைக் கவனித்த பாமர்ஸ்டன்! குழு ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்டது. பழைய அமைச்சரவையே முதல் குற்றவாளி என்று ஜூனில் அறிக்கை வந்தது. ஜூலையில் ரோபக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். சபை அதை லாவகமாக ஓரங்கட்டியது. அதற்குள் ராக்லன் கிரிமியாவிலேயே காலமாகியிருந்தார். செத்த சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொன்றது ரஷ்யக் குண்டல்ல, நோய்.

உயிரோடு திரும்பியவர் கதை இன்னும் விசேஷம். பாலக்லாவாவில் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த குதிரைப்படையைக் கவிஞர் டென்னிசன் சில வாரங்களில் அமரராக்கினார். அமரர்களுக்குப் பசிக்காது என்று அரசு நினைத்ததோ என்னவோ, 1890இல் அவர்களில் பலர் சோற்றுக்கு வழியின்றிக் கிடந்தார்கள். உதவ வழியில்லை என்று நாடாளுமன்றத்தில் போர் அமைச்சர் கையை விரித்தார். கடைசியில் பத்திரிகை ஒன்று பொதுமக்களிடம் நிதி திரட்டியது.

அமைச்சரவையைக் கவிழ்க்க ஒரு வாக்கெடுப்பு போதும். கிழவனுக்குச் சோறு போட 35 ஆண்டுகள் போதவில்லை. எந்த நாட்டிலும் பாதுகாப்பு மானியக் கோரிக்கையில் பீரங்கிக் கணக்குக் கேட்கும் உறுப்பினர்களே, பென்ஷன் கணக்கையும் அதே குரலில் கேளுங்கள்.