தட்டலும் அட்டையும்: ஐபாட் ஹார்ட் டிஸ்க் பழுது குறித்த முன்னோட்ட ஆய்வு

1. தோற்றுவாய்

பழைய ஐபாட்டின் ஹார்ட் டிஸ்க் பழுதை மரபுவழி நின்று ஆராய்வார் இல்லையே என்னும் பெருங்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. அப்படி ஒரு குறை இருப்பதாக யாரும் முறையிடவில்லை. ஆய்வாளனே கண்டுபிடித்தான், ஆய்வு நெறி அதுவே என்க.

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஐபாட்டினுள் இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல, 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆயிரம் பாட்டு பையில் அடங்கும் என்றது விளம்பரம். ஈண்டு ஆயிரம் என்பது எண்ணா, மிகுதியைக் குறித்ததா என்று இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிட இடமுண்டு. வாதிடுவோர் வாதிடுக, நாம் மேற்செல்வோம்.

2. நோய்க்குறிகள்

முனகல்: சுழலத் தொடங்கிச் சுழலாமல் ஓய்தல்.

சொடுக்கு: படிக்கும் தலை தடம் தேடிப் போய், காணாது திரும்பி, மறுபடி போதல்.

அழுமுகம்: திரையிலேயே ஐபாட் தன் சோகமுகத்தைத் தானே காட்டுதல். தன் நோயைத் தானே ஒப்புக்கொள்ளும் நேர்மை கருவிகளிடத்து அரிது. துறைத்தலைவர்களிடத்து அதனினும் அரிது.

பொய்ந்நலம்: இது நுட்பமானது. ஐபாட் பாட்டை டிஸ்க்கிலிருந்து நேரே பாடுவதில்லை. கொஞ்சம் பாட்டை நினைவகத்தில் அள்ளிக்கொண்டு, பேட்டரியை மிச்சம்பிடிக்க டிஸ்க்கை நிறுத்திவிடும். முதல் ஐபாட்டில் அந்த நினைவகம் 32 எம்பி. ஆகையால் டிஸ்க் அடுத்த முறை எழாதுபோயினும், அள்ளியது தீரும்வரை பாட்டு குறைவின்றி ஓடும். உரியவர் மகிழ்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்.

3. தட்டல்

தலையாய சிகிச்சை இதுவே. டிஸ்க்கில் ஒட்டிக்கொண்ட தலை, அளவான அதிர்ச்சியில் விடுபடும். சில வேளை உயிர் வரும். காந்தத் தகடுகளில் எழுதியதைப் படிக்கும் இத்தகைய நுண்ணிய தலைகளுக்கு வழிகோலிய கண்டுபிடிப்புக்காக ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் 2007இல் இயற்பியல் நோபல் பெற்றனர். அந்நுட்பம் பழுதானால் மருந்து, பழைய டிவியின் மண்டையில் வைத்த அதே அடிதான்.

தட்டல் நால்வகைப்படும்: உள்ளங்கைத் தட்டல், தொடைத் தட்டல், மேசைத் தட்டல், ஆத்திரத் தட்டல். முன்னைய மூன்றும் சிகிச்சை, நான்காவது அடக்கம். தலை தகட்டைக் கீறினால் பாட்டு போனது போனதுதான். உயிர் வந்த கணத்திலேயே பாட்டுகளைக் கணினிக்குப் படியெடுத்துக்கொள்வது அறிவுடைமை.

எத்தனை முறை தட்டுவது? இதைத் தெளிவாக விளக்கிய மூலநூல் கடல்கோளில் போயிற்று. அதற்கெழுந்த உரையைக் கரையான் தின்றது. அவ்வுரைக்கு விளக்கம் எழுதியவர் முதல் இரண்டு ஏட்டை மட்டும் பார்த்ததாகவும், இரண்டாம் ஏட்டின் ஓரத்தில் ‘மூன்று’ என்று வேறொரு கையெழுத்தில் இருந்ததாகவும், அதைத் தாம் பார்க்கவில்லை ஆயினும் பார்த்தவரோடு ஒரே பேருந்தில் பயணித்ததாகவும் ஒரு பெரும்புலவர் தம் மணிவிழா மலரில் எழுதியிருப்பதாகச் சொல்லக் கேட்டவர் உளர். நூல் கிடைக்காமையால் மறுக்க வழியில்லை. மறுக்க வழியில்லாமையால் உறுதியாயிற்று. எனவே மூன்று.

தட்டலே கி.மு.வுக்கு முந்தியது என்பாரும் உளர். அவர்களுக்குக் கி.மு.வுக்குப் பிந்திய எதுவும் பிடிப்பதில்லை.

4. ஃப்ரிட்ஜில் வைத்தல்

உள்ளே நீர் கோக்கும். விலக்குக.

5. அட்டை

எப்போதுமே டிஸ்க்தான் செத்திருக்கும் என்பதில்லை. கீழே விழுந்து விழுந்து, டிஸ்க்கைப் பலகையோடு இணைக்கும் நாடாவின் முனை நெகிழ்ந்திருக்கும். பின்பக்க எஃகு மூடியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பித் திறந்து, இணைப்பை அழுத்திப் பொருத்தி, விசிட்டிங் கார்டு ஒன்றை மடித்து டிஸ்க்குக்கும் மூடிக்கும் நடுவே வைத்து மூடினால், அந்த அழுத்தத்தில் இணைப்பு நிற்கும். பலருக்கு இது பலித்திருக்கிறது.

எவருடைய அட்டை? பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டும் கொண்டது மெலிதாயிருக்கும்; மடித்தாலும் அழுத்தம் போதாது. முனைவர், மேனாள் தலைவர், நெறியாளர், பதிப்பாசிரியர், பன்னாட்டுக் கருத்தரங்கத் தலைமை என்று பொன்னெழுத்தில் இருபுறமும் அச்சிட்டதே உத்தமம். அத்துணைப் பட்டங்களும் ஒரு நல்ல காரியத்துக்கு முட்டுக்கொடுத்த இடம் இதுவென்று துணிந்து கூறலாம்.

6. மாற்று

ஐபாட் மினியில் இருந்தது ஓர் அங்குல மைக்ரோடிரைவ். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் செருகிவிடலாம். பெரிய ஐபாட்களுக்கு மெமரி கார்டு ஏற்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. சுழல்வதும் இல்லை, சொடுக்குவதும் இல்லை. பேட்டரியும் கூடுதலாக நிற்கும். சிக்கலை அடியோடு தீர்த்துவிடுவதால் இம்முறையில் மேலாய்வுக்கு இடமில்லை. ஆகவே ஆய்வுலகம் இதனை ஏற்காது.

ஹார்ட் டிஸ்க் கொண்ட கடைசி ஐபாட் கிளாசிக் 2014இல் விற்பனையிலிருந்து போய்விட்டது. இருப்பவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும். வாசகர்கள் கருத்தரங்குகளில் வாங்கும் விசிட்டிங் கார்டுகளை வாசலிலேயே போட்டுவிட்டு வர வேண்டாம்.