பாலைவனத்துல புல்லு பாக்கப் போற மாப்ளைக்கு

வா மாப்ளே, அந்த முக்காலியில உக்காரு. மரத்தூளு பேண்ட்டுல ஒட்டுமேன்னு பாக்காத. மொராக்கோ தேசத்துல மராக்கேஷ்னு ஒரு ஊருக்குக் கோல்ஃப் ஆடப் போறியாமே? அத்தை சொன்னா.

சின்ன வயசுல கோலிக்குழியே கதின்னு கிடந்ததுக்கு உங்கப்பன் புளியமிளாறை எடுத்துக்கிட்டுத் தெருத் தெருவாத் தொரத்துனான். இப்ப நாலேகால் அங்குலக் குழி பதினெட்டு. விமானம் ஏறிப் போயிப் பந்து உருட்டுறேன்னா, அவனே டீக்கடையில பெருமையடிக்கிறான். குழிக்கும் ஒரு காலம் வரும்போல.

பேத்தி போன்ல படிச்சுச் சொன்னா. 11ஆம் நூற்றாண்டுல அல்மொராவிது ராசாக்க உண்டாக்குன ஊராம். மழை நம்ம ஊருல பேயுறதுல பாதிகூட இல்ல. அதுக்கு அவனுங்க அழுதுக்கிட்டு உக்காரல. மலையடியில ஊறுற தண்ணியைப் பூமிக்குள்ளயே கால்வா வெட்டிக் கொண்டாந்து தோட்டம் போட்டிருக்கானுங்க. கெத்தாரான்னு பேரு. நாம நம்ம ஊரு சுவேத நதி காஞ்சா வானத்தைப் பாக்குறதோட சரி.

இப்ப அங்க கோல்ஃப் புல்லு பச்சையா இருக்கணும்னு, ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ணி ஊத்துறாங்களாம். கெட்டிக்காரத்தனந்தான். ஆனா அம்புட்டுப் புல்லு வளத்து ஒரு வெள்ளாட்டைக்கூட உள்ள விடமாட்டானாமே, அதுதான் எனக்கு வவுறு எரியுது.

உன் மட்டையைக் காட்டு. தலை இரும்பா? பேரு மட்டும் 'வுட்'டா? நல்லாருக்குய்யா நாயம்! முன்னால அதைப் பெர்சிமன் மரத்துலதான் கடைஞ்சாங்க. உன் கழுத்துல தொங்குதே கருங்காலி மாலை, அதுக்குப் பங்காளி மரம். 1979ல உலோகத் தலை கடைக்கு வந்துச்சு, மரத்தை மெல்ல ஓரங்கட்டிருச்சு. தூங்குவாகையில சாமி செதுக்குற எங்களுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. அந்த மட்டை செஞ்ச ஆசாரிக்கு யாரு என்ன குடுத்தா?

ஒரு வேலை செய்யி. ஒரு நாள் ஆட்டத்தை விட்டுட்டு பென் யூசுப் மதரசாவுக்குப் போ. 16ஆம் நூற்றாண்டுல கட்டுனது, தேவதாருவுல அப்படிச் செதுக்கியிருக்கானுங்க. நீ முன்னால நின்னு பல்லைக் காட்டாம, அந்த வேலைப்பாட்டைக் கிட்டத்துல போட்டோ எடு. வர்ற வழியில பழைய மரத்தலை மட்டை ஒண்ணு கண்ணுல பட்டா வாங்கியா. உளி வெச்சுப் பாக்கணும்.