மாண்புமிகுக்களின் நடுகல்

எல்லையில் செத்த பையனுக்கு ஊரில் தூண் வைக்க வேண்டுமா? முதலில் அமைச்சரிடம் தேதி வாங்குங்கள். தூண் மூன்று வாரத்தில் எழும்பிவிடும், தேதி எழும்பாது. அதுவரை பையனின் மார்பளவுச் சிலை, பேருந்து நிலையத்து முக்கில் பச்சைத் துணி சுற்றி, சணல் கயிற்றால் கட்டப்பட்டு நிற்கும். பனியில் நின்று பழகியவன்தானே, வெயிலிலும் நிற்கட்டும். மேடையில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்று மாவட்டச் செயலாளருக்கும் ஒன்றியச் செயலாளருக்கும் நடக்கும் எல்லைத் தகராறு தீர்ந்த பிறகுதான் துணி விலகும்.

விலகியதும் கண்ணில் படுவது கல்வெட்டு. கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. உச்சியில் மாண்புமிகு ஒருவர், அவருடைய பொற்கரங்கள். அடுத்து தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை. பிறகு நிதி ஒதுக்கீடு, மதிப்பீடு இத்தனை லட்சம். அடியில் ஒப்பந்ததாரர். செத்தவன் பெயரும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதைப் படிக்கத் தேர்தல் வர வேண்டும். நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் பேரூராட்சி ஆட்கள் பசை வாளியோடு வந்து தலைவர்களின் பெயர்கள் மேல் காகிதம் ஒட்டுவார்கள். முடிவு வெளியாகும்வரை அந்தக் கல்லில் அவன் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும். தேர்தல் ஆணையம் தன்னையறியாமல் செய்யும் ராணுவ மரியாதை அது.

கல் நடுவது நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியப் புறத்திணையியலிலேயே அதற்கு முறை வகுத்திருக்கிறார்கள். கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படி. நடுவில் கல்லை நீராட்டும் நீர்ப்படை என்று ஒன்று உண்டு. நம் சிலைக்கும் அது நடக்கிறது, தேதி கிடைக்காமல் நிற்கும்போது பெய்யும் மழையில்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நட்ட கல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டான். கூட நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாயின் பெயர் கோவிவன். நாயின் உருவமும் கல்லில் உண்டு, பெயரும் உண்டு. மன்னன் பெயர் வந்தது ஆண்டைக் குறிக்க. பல்லவ வேந்தனே காலண்டராக அடங்கி நின்ற கல்லில் ஒரு நாய்க்கு இடம் இருந்தது. நம்முடைய கிரானைட்டில் செத்தவனுக்கே இட நெருக்கடி.

இன்னொன்று. கருந்தேவக்கத்தி எதைக் காக்கப் போய்ச் செத்தான் என்று எடுத்தனூர்க் கல் சொல்கிறது. நம் கல் 'நாட்டுக்காக' என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். வேறு வழியும் இல்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேரின் உயிர் போயிற்று. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரின் ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். பின்னர் அவருக்கு வீர் சக்ரா அறிவித்தார்கள். சம்பவம் நடந்து நான்காம் நாள், அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர் பேசினார்: நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை, யாரும் உள்ளே இல்லை. மறுநாள் அதற்குப் பிரதமர் அலுவலகம் ஒரு விளக்கமும் கொடுத்தது. யாருமே வரவில்லை என்றால் 20 பேர் யாரோடு மல்லுக்கட்டிச் செத்தார்கள்? இதற்கான பதிலைச் செதுக்கித் தர எந்தச் சிற்பியும் கிடைக்கமாட்டார். அதனால் கல்லில் நிறைய இடம் மிஞ்சுகிறது. மிஞ்சிய இடத்தில் முன்னிலை வகிக்கிறார்கள்.

திறப்பு விழா மேடையில் பையனின் அம்மாவுக்குப் பொன்னாடை. "அம்மா, உங்கள் மகன் சாகவில்லை! எங்கள் நெஞ்சில் வாழ்கிறான்!" கைதட்டல், விசில். மறு திங்கட்கிழமை அதே அம்மா வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போனால், முதல் கேள்வி: "இறப்புச் சான்றிதழ் எங்கே?" சாகாதவனுக்கு எதற்கய்யா இறப்புச் சான்றிதழ்? நெஞ்சில் வாழ்கிறவனை உங்கள் நெஞ்சிலிருந்தே ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்களேன்! இதில் 2022-ல் வந்த அக்னிபத் திட்டம் இன்னும் சிக்கனம். பணியில் இறந்தால் காப்பீடு 48 லட்சம், அதோடு கருணைத் தொகை. மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் மட்டும் கிடையாது. நான்கு வருடத்துக்கு எடுத்த ஆளுக்கு ஆயுள் முழுக்கத் தூண் வைப்பதே பெரிய விஷயம் என்று நினைத்திருப்பார்கள்.

விழா முடிந்த மறுநாளே தூணைச் சுற்றி இரும்புக் கிராதி, கிராதிக்கு ஒரு பூட்டு. சாவி பேரூராட்சி அலுவலகத்தில். ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், இந்த மூன்று நாளும் பூட்டு திறக்கும், மாலை ஏறும், படம் எடுப்பார்கள். டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் உண்டியல் நீட்டுவதோடு சரி. மற்ற நாளெல்லாம் கிராதியில் காதணி விழா பேனர். ராத்திரியில் டாஸ்மாக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அதன் திண்டு ரொம்ப வசதி. அவர்களுக்குச் சாவி தேவைப்படுவதில்லை.

தேவைப்படுவது அந்த அம்மாவுக்குத்தான். பையன் பிறந்த நாளைக்கு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்தால் கிராதிக்கு வெளியே நின்று எறிய வேண்டியிருக்கிறது. சாவி வைத்திருக்கும் பேரூராட்சி வாட்ச்மேன் சாப்பிடப் போயிருக்கிறார். செயல் அலுவலர் ஐயா, கல்வெட்டை மாற்றுங்கள் என்று உங்களிடம் கேட்பதில் பிரயோசனமில்லை. அது உங்கள் கையில் இல்லை. பூட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு இன்னொரு சாவி வெட்ட எந்த நிதியும் ஒதுக்க வேண்டாம், எந்த மாண்புமிகுவின் தேதியும் வேண்டாம். வெட்டி அந்த அம்மாவிடம் கொடுங்கள்.