வீல் தேய்ப்பவர்

வீல் தேய்ப்பவரை அவருடைய வலது கை ஆட்காட்டி விரலை வைத்து அடையாளம் காணலாம். மற்ற ஒன்பது நகங்களும் ஒட்ட வெட்டியிருக்க, அது மட்டும் வளர்ந்திருக்கும். கார் ஒன்று நின்றால் பக்கத்தில் குந்துவார். அலாய் வீலின் மேல் அந்த நகத்தைக் குறுக்கே இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேலே பூசிய கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது, தேய்த்தால் போகும். தடுக்கினால் ஆழமானது, தேய்த்துப் பயனில்லை. சோதனையில் குறையில்லை. முடிவை இவர் மதிப்பதில்லை, அவ்வளவுதான். தடுக்கினாலும் தேய்ப்பார்.

சோதனை சொந்தக் காரோடு நிற்பதுமில்லை. சென்னிமலையில் கல்யாணம் என்றால், உள்ளே மொய் எழுதும் வரிசை நகர்ந்துகொண்டிருக்க, இவர் மண்டபத்துக்கு வெளியே கார்களுக்கு நடுவில் குந்தியிருப்பார். "ஏனுங் மாப்ள, முன்னாடி லெஃப்ட்டுல ஒண்ணு வாங்கியிருக்குதுங்களே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார். எழவு வீட்டிலும் இதே விசாரணை உண்டு. குரல் அங்கே பொருந்திப் போவதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சொந்தக் காரில் விழும் கீறல்களுக்கு மச்சினன் காரணம். வேறு காரணம் இதுவரை சொல்லப்பட்டதில்லை.

தேய்ப்பு, தண்ணீரில் நனைத்த 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கும். பிறகு 3000, பிறகு ரப்பிங் காம்பவுண்டு, கடைசியில் பாலிஷ். இத்தனை செய்தும் கீறல் நிரம்புவதில்லை. அதைச் சுற்றியுள்ள நல்ல பூச்சுதான் தேய்ந்து கீறலின் ஆழத்துக்கு இறங்குகிறது. விளிம்பு மழுங்கியதும் அங்கே வெளிச்சம் சிதறுவது நின்றுவிடும். கண்ணுக்குக் கீறல் தெரியாது. ஒரு குழியை மறைக்கத் தோட்டம் முழுவதையும் வெட்டி இறக்குகிற வேலை. பூச்சின் மொத்தத் தடிப்போ ஒரு தலைமுடியை ஒட்டியதுதான். தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தாலும் கீறல் மறையும். அடுத்த கழுவல் வரை தாங்கும். பெண் பார்க்க வருகிற நாளுக்கு அது போதும்.

சென்னிமலையில் மலைமேல் முருகன் கோயில் வரை தார் ரோடு இருக்கிறது. இருந்தும் இவர் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு 1320 படியும் ஏறுகிறார். வேண்டுதல் என்று ஊர் நினைக்கிறது. இறக்கத்தில் பிரேக் மிதிக்க மிதிக்கப் பேடும் டிஸ்க்கும் தேயும். சூடான இரும்புத்தூள் பறந்து வீலில் அப்பிக்கொள்ளும். படியேறுவதற்கு அதுதான் காரணம். வீட்டம்மா மச்சினன் காரில் மேலே போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ட்ரில் மிஷினில் பஞ்சை மாட்டி ஓட்டுவது இவருடைய இன்னொரு வழக்கம். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய ஊர் இது. பெட்ஷீட் நெய்கிறவர்களையே பெட்ஷீட்டைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொள்ள வைக்கும் இந்த ட்ரில் சத்தம். சந்து பாதி அடைபடுகிறது. பால்காரர் வண்டியைத் திருப்ப முடிவதில்லை. போரில் தண்ணீர் வராத மாதத்திலும் இவருக்கு நாலு பக்கெட் வேண்டும். யாராவது போய்ச் சொன்னால் பதில் வராது. சொன்னவருடைய வண்டியின் வீலைப் பார்க்கிறார்.

டயமண்ட் கட் வீல் இவருக்கு ஆகாத இனம். அதன் பளபளப்பு லேத்தில் சீவி வந்தது. அதன் மேல்தான் கிளியர் கோட். கீறல் உலோகத்தில் இறங்கிவிட்டால் திரும்ப லேத்தில் ஏற்றிச் சீவிப் புதிதாகப் பூச வேண்டும். ஒவ்வொரு சீவலிலும் வீல் கொஞ்சம் மெலியும் என்பதால் அதையும் நினைத்தபோதெல்லாம் செய்ய முடியாது. இவர் அதையும் கையால் தேய்த்தே பூச்சை ஓட்டையாக்குகிறார். அந்த வழியாக ஈரம் இறங்க, அலுமினியம் அரித்து, மிச்சமிருக்கும் பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் படரும். அதற்கும் மச்சினனைத்தான் சொல்வார்.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி பெரும்பாலும் கறுப்பு அடித்த சாதா இரும்பு வீல். வாங்கிய நாள் முதல் அதை இவர் தொட்டதில்லை. காரில் நன்றாக இருக்கிற வீல் அது ஒன்றுதான்.