காவல் காக்கவும் உரிமம் வேண்டும்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்த உரிமம் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. பூட்டுக்கு உறுதி எப்படியோ, காவலுக்கு உரிமம் அப்படி. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரி அதை வழங்குவார். 5 ஆண்டுகள் செல்லும். சட்டம் குறிப்பிடும் கட்டணம்: ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. காவலாளி 18 வயது நிறைந்த, 65 வயதை எட்டாத இந்தியக் குடிமகனாகவோ, மத்திய அரசு அறிவிக்கும் பிற நாட்டுக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். நன்னடத்தைச் சரிபார்ப்பு, உடல்தகுதி, பயிற்சி மூன்றும் அவசியம். முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை அளிக்கலாம். காவல்துறைச் சீருடையைப் போன்ற உடை கூடாது. உரிமமின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.