ஐம்பது வயதாகாத குற்றம்

அனுப்புநர்:
2002-ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான் 1.6 ஒன்றின் மூன்றாவது உரிமையாளர்,
ஒரகடம் கூட்டுரோடு அருகில்.

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: மோட்டார் கார் – இருபது வயதைத் தாண்டியமை – ஐம்பதை எட்டாமை – இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் எங்கே நிறுத்துவது என விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52.
2. மேற்படி சட்டம், பிரிவு 182ஏ(4).
3. தொன்மை வாகனங்கள் குறித்த 2021 ஜூலை விதிகள்.
4. கட்டண உயர்வு குறித்த 2025 ஆகஸ்ட் அறிவிக்கை.
5. என் மனைவி நாளது தேதி வரை வழங்கிவரும் வாய்மொழி ஆணைகள்.

ஐயா,

பார்வை 5-இல் கண்டவற்றுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முதல் நான்குக்கும் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் வண்டி வெளியூர்க்காரன் அல்ல. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போனால் வரும் மறைமலை நகரில் பிறந்தது. 1999-இல் ஐகான் வந்தபோது விளம்பரத்தில் அதற்கு ‘ஜோஷ் மெஷின்’ என்று பெயர் சூட்டினார்கள். அதே காலத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சரும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட்டும் பிறந்தன. மூன்றும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். எந்தப் பிள்ளை வேகமாக ஓடும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்ட தலைமுறை எங்களுடையது. சண்டை போட்ட யாரிடமும் அப்போது கார் இல்லை.

2016-இல் நான் பார்த்தபோது இந்த வண்டி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது. பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. நாலு டயரும் தரையோடு தரை. “காயலான் கடைக்குப் பேசியாச்சு சார், நீங்க எவ்வளவு தருவீங்க?” என்றார் உரிமையாளர். குட்டிகள் கண் திறக்கும் வரை காத்திருந்து ஓட்டி வந்தேன். ஓட்டி வந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

பிறகு நடந்ததைத் தங்கள் கோப்புக்காகப் பதிகிறேன். மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. வார்ப்பிரும்பு பிளாக், டைமிங்குக்குச் சங்கிலி. இதுல சாகறதெல்லாம் பிளாஸ்டிக்தான்” என்றார். உண்மை. தெர்மோஸ்டாட் உட்காரும் பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டுத்தான் தண்ணீர் கசிந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்து ஒன்று பிடித்தேன். லோயர் ஆர்ம், புஷ், ஷாக், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் எல்லாம் மாற்றினோம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு, பழைய ரப்பர் குழாய்களை நம்பாமல் அவற்றையும் மாற்றினேன். டிங்கர் மேஸ்திரி கதவின் அடியில் பட்டியைச் சுரண்டினார். முந்தைய உரிமையாளர்கள் மறைத்த மூன்று விபத்துகள் அடுக்கடுக்காக வெளியே வந்தன. கீழடியில்கூட அத்தனை அடுக்கு இருக்குமா தெரியாது.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த என்னிடம் மனைவி கேட்டாள்: “எனக்கு முட்டி வலின்னா தைலம். இதுக்கு மட்டும் புது புஷ்ஷா?” இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் பிரிவிலும் பதில் இல்லை.

இனி என் குற்றங்களுக்கு வருகிறேன். அதே ஆலையில் பின்னால் பிறந்த ஃபியஸ்டாவின் அலாய் வீலைப் போட்டேன். தம்பி செருப்பை அண்ணன் மாட்டிக்கொண்டதுபோல நாலு நட்டும் அளவாக உட்கார்ந்தன. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாக்கினேன், வண்டி ஒரு விரற்கடை தாழ்ந்தது. ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தேன். மின்மினி வெளிச்சம் போய் நிலா வெளிச்சம் வந்தது. செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டாசு வெடிக்கும் சைலன்சர் இல்லை. துணி காயப்போடும் கொடி மாதிரி பின்னால் ஸ்பாய்லர் இல்லை. 2012-இல் உச்ச நீதிமன்றம் வேண்டாம் என்ற கறுப்பு ஸ்டிக்கர் கண்ணாடியில் இல்லை. ‘அப்பா ஆசீர்வாதம்’கூட எழுதவில்லை.

பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பிரிவு 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் செய்த மூன்றில் எது குற்றம், எது குற்றமில்லை என்று விவரம் தெரிந்த மூன்று பேரிடம் கேட்டேன். நான்கு பதில் வந்தது. ஒருவர் மட்டும் இரண்டு முறை யோசித்தார்.

சரி, சட்டம் சட்டம்தான். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வயதுக் கணக்கு. 2017-இல் பதினைந்து வயது முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022-இல் 5,000. இனி 2027-இல் போனால், இருபது வயது தாண்டிவிட்டதால் 10,000. வயதானால் பஸ்ஸில் சலுகை, ரேஷன் கடையில் முன்வரிசை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். பிறந்தநாளுக்கு அபராதம் போடுவதை இங்கேதான் பார்க்கிறேன். அதுவும் எந்த ஊரில்? 120 ஆண்டு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில்!

இருபதில் கிழம் என்கிறீர்கள். ஐம்பது ஆனதும் அதே இரும்பு ‘தொன்மை வாகனம்’ ஆகிவிடுகிறது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000. அதாவது ஐம்பதைத் தாண்டிய கிழவர் புதுப்பிக்கக் கட்டுவது, இருபத்தைந்து வயதுக்காரன் கட்டுவதில் பாதி. ஆனால் அந்தக் கிழவர் தினமும் ஊர் சுற்ற முடியாது. கண்காட்சிக்குப் போகலாம், ராலிக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம். பெட்ரோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது. என் வண்டிக்கு அந்த கௌரவம் 2052-இல் கிடைக்கும். அதுவரை அதை எங்கே நிறுத்துவது? மறுபடியும் வேப்ப மரத்தடியிலா?

‘ஸ்கிராப் செய்’ என்பது தங்கள் அன்பான யோசனை. பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி. இதற்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு ஐயா. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். தள்ளுவண்டிக்காரர் பழத்தைக் கையிலேயே கொடுத்துவிடுவார். தாங்கள் கொடுக்கும் பழத்தைத் தின்ன வேண்டுமானால் முதலில் பத்து லட்ச ரூபாய்க்கு வாய் வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இந்த வட்டாரத்தில் மறுவாழ்வு என்பது கெட்ட வார்த்தை அல்ல. என் வண்டியைப் பெற்ற ஆலையே 2021 செப்டம்பரில் ‘போய் வருகிறேன்’ என்று அறிவித்தது, 2022-இல் பூட்டியது, 2024 செப்டம்பரில் ‘ஏற்றுமதிக்காகத் திரும்ப வருகிறேன்’ என்றது. அம்மா திரும்பி வருவதற்குக் கம்பளம் விரிக்கிறோம்; பிள்ளை வீதியில் நிற்பதற்குக் கட்டணம் கேட்கிறோம். மாற்றங்களும் நமக்குப் புதிதல்ல. கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சாதாரண செடான்கள் குடல் மாற்றிக்கொண்டு பறந்திருக்கின்றன. அந்த மதில் சுவருக்கு உள்ளே அது விளையாட்டு. வெளியே வந்தால் பிரிவு 52.

ஜெர்மனியில் முப்பது வயதான கார் நல்ல நிலையில் இருந்தால் நம்பர் பலகையில் ‘எச்’ என்று ஓர் எழுத்து சேர்த்து, பாரம்பரியம் என்று வரியைக் குறைக்கிறார்கள். தினமும் வேலைக்கும் ஓட்டலாம். எங்களுக்கு எழுத்தெல்லாம் வேண்டாம் ஐயா. கேட்பது இரண்டுதான்.

ஒன்று: வயதைப் பார்க்காதீர்கள், பிரேக்கைப் பாருங்கள். எங்கள் ஊரில் வண்டியைச் சோதிக்கும் அதிகாரிக்குப் பெயரே ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தான், பர்த் சர்டிஃபிகேட் இன்ஸ்பெக்டர் அல்ல. புகை அளவு, பிரேக், அடிச்சட்டத் துரு, ஹெட்லைட் ஆகியவற்றில் தேறினால் கட்டணத்தைக் குறையுங்கள். தேறாவிட்டால் ஐந்து வயதுக் காரானாலும் ஓரம் கட்டுங்கள்.

இரண்டு: செய்யக்கூடிய மாற்றங்கள் எவை என்று ஒரு பக்கத்தில் பட்டியல் போடுங்கள். ஒரகடத்திலேயே அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புகையையும் சத்தத்தையும் நுணுக்கமாக அளக்கும் கருவிகள் அங்கே உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அங்கே வரிசையில் நிற்க விடுங்கள். கட்டணம் கட்டுகிறோம். டீ நாங்களே கொண்டுவருகிறோம்.

என் மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு கோரிக்கையும் உண்டு. வண்டிக்கு ஆன செலவைத் தாங்கள் எங்கேயும் எழுத்தில் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்னும் ஐம்பது வயதாகாத ஒரு காரின் ஓட்டுநர்.

இணைப்பு: பேரீச்சம்பழம், கால் கிலோ. என் வண்டிக்கு ஈடாகத் தாங்கள் தரவிருப்பதை நானே வாங்கி அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டு கணக்கை நேர் செய்யவும். வண்டி என்னிடமே இருக்கட்டும்.