விசிபிலிட்டி போதவில்லையாம்!

அப்ரைசல் காலம். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் தீர்ப்பு வாசிக்கிறார்கள். "வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால், விசிபிலிட்டி போதவில்லை."

குறை இல்லையாம். ஆனாலும் தண்டனை உண்டாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிடும். விடிய விடிய உட்கார்ந்து அதை எழுப்புபவர், வாய் திறக்காத ஆள். காலையில் மீட்டிங்கில் ஸ்லைடு போட்டு "நாங்கள் மீட்டோம்" என்று முழங்குபவர், அந்நேரம் குறட்டை விட்டவர். குறட்டைக்கு 'எதிர்பார்ப்பை மிஞ்சினார்'. விழித்தவருக்கு 'பேச்சுத்திறன் வளர வேண்டும்'. பெல் கர்வ் கணக்குப்படி யாரையாவது கீழே தள்ளியாக வேண்டும். சண்டைக்கு வராதவனைத் தள்ளுவதுதானே சுலபம்?

தள்ளிய கையோடு மருந்தும் கொடுக்கிறார்கள். கூச்ச சுபாவக்காரர்களுக்கு ஆளுமைப் பயிற்சி! நட்சத்திர ஓட்டல். பந்தைத் தூக்கிப் போட்டுப் பெயர் சொல்லும் விளையாட்டு. நாற்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, கண்ணாடி முன் நின்று "நான் ஒரு தலைவன்" என்று சொல்லிப் பழக வேண்டும். மதியம் பஃபே. அதற்கெல்லாம் பணம் இருக்கிறது. இன்க்ரிமென்ட் கேட்டால்தான் 'இந்த வருஷம் பட்ஜெட் டைட்.'

"லிங்க்ட்இன்னில் எழுதுங்கள்" என்பது அடுத்த உபதேசம். 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்குப் பேசி வாங்கிய சந்தை அது. டீ வாங்கப்போன இடத்தில் தலைமைப் பண்பு கற்றவர்கள் அங்கே ஏராளம். "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று தொடங்கும் பதிவுகளில் பணிவு எந்த வரியில் இருக்கிறதென்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பீட்டர் ஹிக்ஸ் என்று ஓர் இயற்பியலாளர். எடின்பரோ பல்கலைக்கழகத்துக்காரர். கூச்சப் பேர்வழி. 1964இல் எழுதியதற்கு 2013இல் நோபல் வந்தது. அறிவிப்பு நாளில் ஆள் அகப்படவில்லை. கையில் செல்போனும் கிடையாது. தெருவில் பார்த்த பழைய பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்திச் சொல்லித்தான் அவருக்கே சேதி தெரியும். சமீபத்தில் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியல் கேட்டுத் துறையிலிருந்து கடிதம் வரும். "எதுவுமில்லை" என்று பதில் போடுவாராம். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு வேலை தராது என்று அவரே சொன்னார். நம் மேனேஜர்களிடம் சிக்கியிருந்தால் அவரையும் பந்து விளையாட அனுப்பியிருப்பார்கள்.

யார் என்ன வேலை செய்தார் என்று விசாரித்து அறிவதற்குத்தான் மேனேஜருக்குச் சம்பளம். அதைச் செய்யாமல், கண்ணில் படாதது உன் குற்றம் என்கிறார். கண்ணை மூடிக்கொண்டவருக்குப் பதவி உயர்வு. இருட்டுக்குப் பழி உழைத்தவன் தலையில்.

அடுத்த முறை உங்களிடம் 'விசிபிலிட்டி போதவில்லை' என்று சொன்னால், "பார்க்க வேண்டியது யார் வேலை சார்?" என்று கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மெயிலில் கேளுங்கள். ஹெச்ஆருக்கு ஒரு சிசி போடுங்கள்.